ஷோகேஸ் விழாவில் வாசிக்கப் போகும் இசைக்குழுவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தப் பாட்டு வாசிக்கும் நம்மூர்க் குழுக்கள் சில இப்போது ஆஸ்டின், பிரைட்டன், ஹாம்பர்க் என்று வெளிநாட்டு ஷோகேஸ் விழாக்களுக்கு விண்ணப்பம் போடுகின்றன. தேர்வான செய்தி வந்ததும் முதல் வேலையாக டி-ஷர்ட் அடிக்கக் கொடுப்பார்கள். கேபிளுக்குப் பெயர் ஒட்டுவது கிளம்புகிற நாளில்தான் ஞாபகம் வரும். ஜாம் ரூம் எனும் ஒத்திகை அறைகளிலும் மேடையோரத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஷோகேஸ் விழாவும் ஒரு இசை விழாதானே? என்ன வித்தியாசம்?

வழக்கமான விழாவுக்கு டிக்கெட் வாங்கி வருபவர் தனக்குத் தெரிந்த பாட்டைக் கேட்க வருகிறார். ஷோகேஸ் விழா இசைத் தொழிலின் சந்தை. பகலில் கருத்தரங்கு, சந்திப்பு. மாலையானால் ஊரிலுள்ள பார், கிளப், சில இடங்களில் தேவாலயம்கூட மேடையாகிவிடும். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 1987இல் தொடங்கிய சவுத் பை சவுத்வெஸ்ட் இதில் பெரிய பெயர். முதல் ஆண்டு 150 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது 700 பேர். நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் யூரோசோனிக் நூர்டர்ஸ்லாக், 2006இல் தொடங்கிய ஹாம்பர்க்கின் ரீப்பர்பான் விழா, அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கிய தி கிரேட் எஸ்கேப் எல்லாம் இந்த வகைதான். நாட்டுப்புற, மரபிசைக் கலப்புக் குழுக்களுக்கு 1994இல் பெர்லினில் தொடங்கி ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கும் வோமெக்ஸ் இருக்கிறது. சென்னையிலேயே 2010களில் எர்த்சிங்க் நிறுவனம் இண்டிஎர்த் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்றை நடத்தியது.

கூட்டத்தில் பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். ஒரே இரவில் ஏழெட்டுக் குழுவைப் பார்க்க வேண்டும் என்பதால் பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிடிக்காமல் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், இரண்டு தெரு தள்ளி 9.40க்கு இன்னொரு குழு ஏறுகிறது. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருப்பதற்குத்தான்.

யார் வருவார்கள்? எங்களிடம் என்ன பார்ப்பார்கள்?

குழுக்களுக்கு நிகழ்ச்சி பிடித்துத் தரும் புக்கிங் ஏஜென்ட், மற்ற விழாக்களுக்குக் குழு தேர்ந்தெடுப்பவர், இசை நிறுவனத்தார், வானொலிக்காரர், படத்துக்கும் விளம்பரத்துக்கும் பாட்டுத் தேடுபவர், பத்திரிகையாளர். நம்மவர்கள் கண் இசை நிறுவனத்தார் மீதே இருக்கும். நான் விழாக்காரர்களைத்தான் முதலில் சொல்வேன். யூரோசோனிக்கில் 2003 முதல் ஒரு பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. அங்கே பார்த்த ஐரோப்பியக் குழுக்களை மற்ற நாட்டு விழாக்கள் அழைக்க அது உதவுகிறது. இந்தியக் குழுவுக்கு அதில் இடமில்லை, ஆனால் தொழில் எப்படி ஓடுகிறது என்பதற்கு நல்ல உதாரணம். ஒரு விழாக்காரர் அழைத்தால் இன்னும் இரண்டு பேர் விசாரிப்பார்கள்.

அவர் மனதில் ஓடும் கேள்வி எளிமையானது. இந்தக் குழுவை என் மேடையில், மாலை நான்கு மணி வெயிலில், இவர்களைக் கேட்டே இராத கூட்டத்தின் முன் நிறுத்தினால் தாக்குப் பிடிப்பார்களா? திறமையை அவர் ஏற்கெனவே உங்கள் வீடியோவில் பார்த்துவிட்டார்.

விண்ணப்பத்துக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரே இணைப்பில் எல்லாம் இருக்க வேண்டும்: நூறு சொல்லுக்குள் அறிமுகம், இரண்டு மூன்று பாட்டு, அச்சிடும் தரத்தில் படம், மேடைத் தேவைப் பட்டியல், ஒரு தொடர்பு முகவரி. இவற்றில் உங்களைத் தேர்வாக்குவது நேரடி வீடியோ. டிரோன் பறந்து எடுத்த மியூசிக் வீடியோவை நடுவர்கள் நம்புவதில்லை. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஷாட்டில், மேடைச் சத்தத்தோடு எடுத்தது போதும். வோமெக்ஸில் ஏழு பேர் கொண்ட நடுவர் குழு எல்லா விண்ணப்பத்தையும் கேட்டாக வேண்டும். முப்பது வினாடி மூடுபனிக் காட்சிக்கு அவர்களுக்குப் பொறுமை இருக்காது.

நேரத்தைக் கவனியுங்கள். மார்ச் மாத விழாவுக்கு முந்தைய ஆண்டு முடிவதற்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள்.

“நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இடத்துக்கு 500 டாலர் கட்டுங்கள்” என்று மின்னஞ்சல் வந்திருக்கிறதே?

விண்ணப்பக் கட்டணம் பல விழாக்களில் வழக்கம். தேர்வான பிறகு மேடைக்கே காசு கேட்டால் கட்டாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்காத விழா உங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், சந்தேகமே வேண்டாம், குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

வாசிப்பதற்குப் பணம் தருவார்களா?

விமான டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. சவுத் பை சவுத்வெஸ்ட் பல ஆண்டுகள் ஒரு குழுவுக்கு 250 டாலர்தான் தந்தது, அல்லது அதற்குப் பதிலாக நுழைவுப் பட்டை. இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் ஒன்று கையெழுத்து இயக்கம் நடத்திய பிறகு 2024இல் குழுவுக்கு 350, தனிக் கலைஞருக்கு 150 என்று ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய விழாவிலேயே கணக்கு இப்படி.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் தம் குழுக்களை வெளியே அனுப்பவென்றே நிதி இருக்கிறது. நமக்கு ஐ.சி.சி.ஆர். என்ற இந்தியக் கலாசார உறவுகள் மன்றத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் வரும்வரை அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். போகும் வழியிலேயே கட்டணம் தரும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைப் பிடிக்க முடிந்தால் செலவு கொஞ்சம் குறையும். அதற்கு விசா இடம்கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள், கீழே சொல்கிறேன்.

அரை மணி நேரத்தில் எத்தனை பாட்டு?

கிரேட் எஸ்கேப்பில் அரை மணி, ஆஸ்டினில் 40 நிமிடம், வோமெக்ஸில் 45 நிமிடம் என்று ஒவ்வொரு விழாவுக்கும் ஓர் அளவு. அரை மணி என்றால் 26 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள், ஐந்தாறு பாட்டு வரும். மீதி நான்கு நிமிடம் பேச்சுக்கும், அறுந்த தந்திக்கும், முந்தைய குழு தாமதமாக இறங்கியதற்கும் போய்விடும். நேரம் தாண்டினால் ஒலிக்காரர் மைக்கை மூடிவிடுவார். அது அவமதிப்பு இல்லை, அவருக்கு இன்னும் நான்கு குழு பாக்கி.

டிசம்பர் சீசனில் பகல் கச்சேரிக்கு நேரம் கிடைத்த இளைஞர் என்ன செய்வார்? வர்ணத்தைச் சுருக்கி, தனி ஆவர்த்தனத்தைச் சுருக்கி, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் காட்டப் பார்ப்பார். ஷோகேஸில் அந்தப் புத்தி வேண்டாம். இது ரெகே, இது ராக், இது கானா, இது மெலடி என்று ஆறு முகம் காட்டினால், கேட்டவர் பக்கத்திலிருப்பவரிடம் உங்களை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்பார். ஒரு முகம் போதும்.

வரிசை முக்கியம். மூன்று நிமிட ஆலாபனையோடு தொடங்கும் பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் வேண்டாம். கதவருகே நிற்பவர் உள்ளே வரலாமா என்று அப்போதுதான் முடிவு செய்கிறார். உங்களிடம் இருப்பதில் எது உங்களை உடனே அடையாளம் காட்டுகிறதோ அது முதல் பாட்டு. இரண்டாவது இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு வரட்டும். ரசிகர் அதிகம் கேட்ட பாட்டைக் கடைசிக்கு வைப்பது ஊரில் சரி. இங்கே கடைசிப் பாட்டின்போது யார் நிற்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, ஆகவே நடுவிலேயே எடுத்துவிடுங்கள். அடுத்தவர் பாட்டை வாசிக்கும் கவர் பாட்டே வேண்டாம்.

தமிழில் பாடினால் அங்கே யாருக்குப் புரியும்? ஆங்கிலத்துக்கு மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். போர்த்துகீசியத்திலும் கொரிய மொழியிலும் பாடுபவர்கள் அதே மேடைகளில் ஏறுகிறார்கள். அழைத்தவர்கள் உங்கள் தமிழ்ப் பாட்டைக் கேட்டுத்தான் அழைத்தார்கள். பாட்டுக்கு முன் ஒரே வரி போதும்: “இது எண்ணூரில் மீன் குறைந்துபோன கதை.” அதற்கு மேல் விளக்கினால் பாடம் நடத்துவதாகிவிடும். யார் பேசுவது, எந்தப் பாட்டுக்கு முன் பேசுவது என்று எழுதி வைத்து அதையும் ஒத்திகையில் பேசிப் பாருங்கள். குழுவின் பெயரை இரண்டு தடவையாவது தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் ரசித்துவிட்டுப் போகிறவர் உங்களை எப்படித் தேடுவார்?

ஒத்திகையை எப்படி நடத்துவது?

பாட்டு தெரியும் என்பதால் ஜாம் ரூமில் உட்கார்ந்து வாசித்துவிட்டு டீ குடிக்கப் போவது ஒத்திகை ஆகாது. நின்று வாசியுங்கள், மேடையில் போடப்போகும் செருப்போடு. ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக நிற்காமல், எல்லாரும் ஒரே பக்கம் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண் ஜாடையை நம்பி முடித்த பாட்டுகள் உடனே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள், வாசிப்பவருக்கே கேட்கும்படி மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் இல்லாமல். ஒரு நாள் பாடகருக்குத் தன் குரல் சரியாகக் கேட்காத நிலையில். ஒரு நாள் பாட்டின் நடுவில் யாராவது கிதார் கேபிளைப் பிடுங்க, மற்றவர்கள் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அறையின் மறுகோடியில் போனை வைத்து முழு செட்டையும் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். பாட்டுகளுக்கு இடையே நீங்கள் எவ்வளவு நேரம் சுருதி சேர்க்கிறீர்கள் என்பதைக் கேட்டால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். கிளிப் டியூனர் எல்லாரிடமும் இருக்கட்டும், ஒருவர் சேர்க்கும்போது இன்னொருவர் வாசித்துக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம், யாரும் செய்யாத ஒன்று: ஏறுவதையும் இறங்குவதையும் ஒத்திகை பாருங்கள். பெட்டிகள் மூடியபடி அறைக்கு வெளியே. ஸ்டாப்வாட்சை அழுத்தி, உள்ளே வந்து, எல்லாம் மாட்டி, முதல் சுரம் வாசிக்கும்வரை எவ்வளவு நேரம்? பத்து நிமிடத்துக்குள் வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

சவுண்ட் செக் கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. இரண்டு குழுக்களுக்கு நடுவே 15, 20 நிமிடம் சேஞ்ச்ஓவர். கல்யாணப் பந்தியில் அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது மாதிரி, நீங்கள் கடைசிப் பாட்டு வாசிக்கும்போதே அடுத்த குழு பெட்டியோடு மேடையோரம் நிற்கும். அந்த நேரத்தில் நடப்பது லைன் செக்: எந்த மைக் எந்தச் சானலில் வருகிறது, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மீதியை முதல் பாட்டு ஓடும்போதே ஒலிக்காரர் சரிசெய்வார். முதல் பாட்டில் எல்லாக் கருவியும் வருகிற மாதிரி வைத்தால் அவருக்கு வேலை சுலபம்.

லைன் செக்கில் உங்களைக் கேட்கும்போது மட்டும் வாசியுங்கள். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கைக் கேட்டால் கிக் மட்டும். பாடகர் “ஹலோ ஹலோ” சொல்லாமல் பாட்டில் உச்சமாக வரும் வரியை முழுக் குரலில் பாட வேண்டும். மானிட்டரில் என்ன வேண்டும் என்று முன்பே முடிவு செய்து ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “எனக்குக் குரல் கூட, கிதார் கொஞ்சம் குறைய.” ஒலிக்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அவர்தான் உங்கள் குழுவின் கடைசி உறுப்பினர்.

மேடைப் படம், இன்புட் லிஸ்ட் என்று கேட்கிறார்கள். என்ன அது?

மேடைப் படம் என்பது மேலிருந்து பார்த்தால் யார் எங்கே நிற்கிறார், அவர் காலடியில் மானிட்டர், மின் இணைப்பு எங்கே என்று காட்டும் ஒரு பக்க வரைபடம். இன்புட் லிஸ்ட் என்பது சானல் வரிசை: 1 கிக், 2 ஸ்னேர் என்று தொடங்கி கடைசியில் குரல்கள். ஒவ்வொன்றுக்கும் மைக்கா, கருவியை நேராகக் கேபிளில் இணைக்கும் டிஐ பெட்டியா என்று எழுத வேண்டும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், அச்சிட்ட பிரதியும் கையில் இருக்கட்டும். சானல் எண்ணிக்கையைக் கறாராகக் குறையுங்கள். 28 சானல் கேட்கும் குழு 15 நிமிடத்தில் தயாராவது நடக்காத காரியம்.

எங்களிடம் மிருதங்கம், பறை, நாகஸ்வரம் இருக்கின்றன. தனிக் கவனம் வேண்டுமா?

நிறைய வேண்டும். அங்கிருக்கும் ஒலிக்காரர் இவற்றை முதல் தடவையாகப் பார்க்கக்கூடும். இன்புட் லிஸ்டில் “மிருதங்கம்” என்று மட்டும் போட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது. “இருமுகத் தோல்வாத்தியம், கிடைமட்டமாக, இரண்டு மைக், இடது பக்கம் ஆழ்ந்த ஒலி” என்று ஆங்கிலத்தில் விளக்கி ஒரு படமும் வையுங்கள். ஒரே ஒரு ஆளைக் கூடுதலாகக் கூட்டிப்போக முடியும் என்றால், மேனேஜரை விட்டுவிட்டு உங்கள் பாட்டு தெரிந்த ஒலிக்காரரைக் கூட்டிப்போங்கள். இந்தக் கருவிகள் உள்ள குழுவுக்கு இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கிளப்பில் கூட்டம் நிற்கும். மேடை முழங்கால் உயரம்தான். மிருதங்கக்காரர் தரையில் உட்கார்ந்தால் மூன்றாவது வரிசைக்கு அவர் இருப்பதே தெரியாது. உயர்த்திய பலகை கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டாண்டில் வைத்து நாற்காலியில் அமர்ந்து வாசிக்கப் பழகுங்கள். அதைப் போய் அங்கே முதல் தடவை செய்யக் கூடாது, கை உயரம் மாறும்.

அடுத்தது தோல். வெளியே குளிர், உள்ளே ஹீட்டர் என்றால் காற்று காய்ந்துபோய்த் தோல் இறுகி சுருதி ஏறும். ஈரக்காற்றில் இறங்கும். கருவியை விடுதி அறையில் பூட்டி வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கொண்டுவராமல், முடிந்தவரை முன்னதாகவே மேடையிருக்கும் கட்டடத்துக்குள் வைத்துவிடுங்கள். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பிக்கு ரவையும், கல்லும் கட்டையும் பையில் இருக்கட்டும். பறைக்கு இன்னொரு சிக்கல்: காய்ச்ச வேண்டும், ஆனால் ஹாம்பர்க்கில் ஒரு கிளப்பின் பின்வாசலில் வைக்கோல் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். ஹேர் டிரையரோ, சின்ன மின் அடுப்போ, ஃபைபர் முகமோ, ஏதாவது ஒன்றுக்கு ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

நாகஸ்வரத்துக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஒன்றுக்கு மூன்றாக. சின்ன அறையில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே தேவைப்படாமல் போகலாம். அவற்றை வாசிப்பவர்களைப் பாடகருக்குப் பின்னால் நேராக நிறுத்தாதீர்கள், குரலைவிடத் தவில்தான் அந்த மைக்கில் அதிகம் கேட்கும். நாகஸ்வரத்தின் கட்டையை, அதாவது சுருதியை, மாற்ற முடியாது என்பதால் கீபோர்டும் கிதாரும்தான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும்.

எதை அவர்கள் தருவார்கள், எதை நாங்கள் கொண்டுபோக வேண்டும்?

டிரம் செட்டின் உடல், பேஸ் ஆம்ப், கிதார் ஆம்ப் பொதுவாக இருக்கும். இதைத்தான் பேக்லைன் என்கிறார்கள். ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் டிரம்மர் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். என்ன ஆம்ப், என்ன மாடல் என்று முன்பே கேட்டு, ஜாம் ரூமில் அதையோ அதன் தம்பியையோ தேடி வாசித்துப் பாருங்கள். தந்தி, குச்சி, 9 வோல்ட் பேட்டரி, கேபிள் எல்லாம் தேவைக்கு மேல் ஒரு மடங்கு. கேபிள்களில் உங்கள் நிறத்தில் டேப் சுற்றுங்கள். ஐந்து குழு ஏறி இறங்கும் மேடையில் கறுப்புக் கேபிள் யாருடையது என்று சண்டை போட முடியாது.

மின்சாரம்?

ஐரோப்பாவில் நம்மைப் போலவே 230 வோல்ட், அமெரிக்காவில் 120. அடாப்டரின் முதுகில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும், முனை மாற்றி மட்டும் போதும். வெறும் 230 என்று இருந்தால் ஆஸ்டினில் ஓடாது. நீங்கள் பறைக்கு நம்பியிருக்கும் ஹேர் டிரையரும் அங்கே வெதுவெதுப்பாகத்தான் ஊதும். முனை மாற்றி ஆளுக்கொன்று வாங்காமல், ஒன்றிரண்டு வாங்கி நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதில் மாட்டுங்கள்.

லேப்டாப்பில் டிராக் ஓடவிட்டு வாசிக்கிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் அது நின்றால் என்ன செய்வீர்கள் என்பதற்கு விடை இருக்க வேண்டும். அதே டிராக்குகள் இன்னொரு கருவியில், ஒரே கேபிளை மாற்றினால் ஓடும்படி. வைஃபை அணைத்து, அப்டேட் அணைத்து, தாளம் காட்டும் கிளிக் ஒலி கூட்டத்துக்குப் போகாதபடி தனிச் சானலில். ஒரு பாட்டையாவது டிராக் இல்லாமல் வாசிக்கப் பழகி வையுங்கள், லேப்டாப்பைப் பார்த்துக்கொள்பவர் அதைத் தட்டி எழுப்பும்வரை ஓட்டலாம்.

விமானத்தில், சுங்கத்தில் கருவிகளுக்குச் சிக்கல் வருமா?

லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. கிதார் தந்தியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கிளம்பும்போது விலையுயர்ந்த கருவிகளை விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால், திரும்பும்போது “இதை அங்கே வாங்கினீர்களா, வரி கட்டுங்கள்” என்ற பேச்சு வராது. சீரியல் எண்ணோடு ஒரு பட்டியல் வைத்திருங்கள். நிறையக் கருவிகள் சரக்காகப் போனால், தற்காலிகமாக வரியில்லாமல் கொண்டுபோய்த் திரும்ப உதவும் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் பற்றி விசாரியுங்கள். ஓராண்டு செல்லும், இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு தருகிறது.

மரமும் தோலும் வேறு. ஈட்டி மர வகைகள் எல்லாம் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்து கிதார்காரர்களைக் கலங்கடித்தன. 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தந்துவிட்டார்கள், பிரேசில் ஈட்டிக்கு மட்டும் இல்லை. பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் விலங்குத் தோல் உள்ள எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும்.

என்ன விசா?

இதற்கு நான் பதில் சொல்வதைவிட விழாக்காரர்கள் அனுப்பும் குறிப்பைப் படிப்பது நல்லது. ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சுற்றுலா போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிதாரோடு இறங்காதீர்கள். 2017இல் சோவியத் சோவியத் என்ற இத்தாலியக் குழு ஆஸ்டின் ஷோகேஸுக்காக சியாட்டிலில் வந்து இறங்கியது. மற்ற ஊர்களிலும் விளம்பர நிகழ்ச்சிகள் வைத்திருந்தார்கள், எதற்கும் காசு வாங்கவில்லை என்றார்கள். அதிகாரிகள் அதை வேலை என்று கருதி, தடுத்து வைத்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் காசுக்கு வாசிக்க பி (P) அல்லது ஓ (O) வகை விசா வேண்டும்.

பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், அழைப்பின் பேரில் கட்டணம் பெற்று வாசிப்பதைச் சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே அனுமதிக்கிறார்கள். போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் வாசித்துவிட வேண்டும், விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. ஆறு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். அழைப்புக் கடிதத்தில் எல்லார் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் முன்னெழுத்துப் பழக்கத்தால் இதில்தான் அதிகம் இடறுகிறது.

மூன்று நாளில் நான்கு இடங்களில் வாசிக்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பாடகரைக் கேளுங்கள். கிதார்காரர் எப்போதும் ஆம் என்பார். முக்கியமான இரவுக்கு முந்தைய நாள் சத்தமான விருந்துக்குப் போய், கத்திப் பேசி, மறுநாள் தொண்டை கட்டிக்கொள்வது மேடையில் பாடுவதைவிட ஆபத்து. அதிகாரபூர்வ நிகழ்ச்சிக்கு வெளியே வாசிப்பதற்கு விழா ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏஜென்ட்களை எப்படி வரவழைப்பது?

மேடையில் ஏறிய பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள். மூன்று வாரம் முன்பே, வருகையாளர் பட்டியலில் உங்கள் வகை இசைக்கு வேலை செய்பவர்கள் இருபது முப்பது பேரை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். ஐந்து வரி: யார், எப்படிப்பட்ட இசை, ஒரு நேரடி வீடியோ இணைப்பு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த இடம். “மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் குழு 2019இல் தொடங்கப்பட்டு…” என்று ஆரம்பிக்கும் கடிதத்தை யாரும் இரண்டாம் வரி படிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் அது தெரிந்துவிடும்.

வாசித்து முடித்ததும் ஒருவர் உடனே கூட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும், மற்றவர்கள் மேடையைக் காலி செய்யட்டும். யார் அந்த ஒருவர் என்று முன்பே முடிவு செய்யுங்கள். நல்லா பேசுபவர், பாடகராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பத்துப் பேர்தான் நிற்கிறார்கள் என்றால்?

முந்நூறு பேருக்கு வாசிப்பதைப் போலவே வாசியுங்கள். “எல்லாரும் எங்கே?” என்று மைக்கில் கேட்காதீர்கள், வந்தவர்களைத் திட்டுவது போலாகும். 1994இல் ஹான்சன் சகோதரர்கள் என்ற அமெரிக்கக் குழு ஆஸ்டினுக்கு வந்தபோது, கேட்கத் தயாராக இருந்த தொழில்காரர்களிடம் எல்லாம் பாடிக் காட்டினார்கள். அதைக் கேட்ட ஒரே ஒருவர்தான் அவர்களின் மேனேஜர் ஆனார். அதன் பிறகும் பல நிறுவனங்கள் வேண்டாம் என்றன. உலகம் முழுக்க ஒலித்த அவர்கள் பாட்டு வந்தது 1997இல். மறுவாரமே ஒப்பந்தம் வரும் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள்.

முடிந்து ஊர் திரும்பிய பிறகு?

பேசியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள், எங்கே என்ன பேசினோம் என்ற ஒரு வரியோடு. அன்றைய நிகழ்ச்சியின் நல்ல பதிவு இருந்தால் இணையுங்கள்.

வாசித்த பாட்டுகளின் பட்டியலையும் பதிவு செய்யுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் பிஆர்எஸ், ஜெர்மனியில் கெமா போன்ற அமைப்புகள் நேரடி நிகழ்ச்சிகளுக்கு உரிமத்தொகை வசூலிக்கின்றன. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் நம் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராக இருந்து, பாட்டும் அங்கே பதிவாகியிருந்தால் அவர்கள் பங்கு சுற்றி வந்து சேரும். தொகை சின்னதுதான், வர மாதக்கணக்கில் ஆகும்.

அழைப்பு வந்தால் “எவ்வளவு வேண்டும்?” என்ற கேள்வியும் கூடவே வரும். ஒரு எண்ணைச் சொல்வதற்கு முன் விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்று கேளுங்கள். அருகிலுள்ள ஊர்களில் இத்தனை நாளுக்கு வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அதே பயணத்தில் வேறு நிகழ்ச்சி சேர்க்க முடியாது, அந்த நஷ்டத்தையும் கட்டணத்தில் ஏற்றிச் சொல்லுங்கள்.